ஒழுகிய இடத்தில் மாட்டிய மயில்

“பாட்டி, இந்த மயிலு உங்க வூட்டுதா?”

போன திங்கட்கிழமை காலை. வாசற்படியில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர் அறையில் கூரியர்காரர்கள் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் கையில் ஒரு பெரிய வெல்வெட் துணியோடு தெருவின் நடுவே நின்றார். துணி முழுக்க ஒரு மயில். தோகை விரித்த மயில். ஓரத்தில் தங்க நிறத்தில் ஜரிகை.

எங்கள் வீட்டு மயில் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த மயில்.

“செவுத்துல மாட்டிகினு இருந்துச்சு பாட்டி. எடுத்துப் பாத்தா பின்னாடி செவுரு ஃபுல்லா ஊறிப் போய்க் கீது. கைய வெச்சா காரை கொட்டுது. நாங்க பாட்டுக்கு அங்க பெட்டிய அடுக்கியிருந்தோம்னா எல்லாம் நாறிப் போயிருக்கும். எவன் பாட்டி இத மறைச்சு வெச்சது?”

எவன்...?

நான் கீரையைப் பார்த்துக்கொண்டே, “முன்னாடி இருந்தவங்கப்பா” என்றேன்.

“முன்னாடி யாரு இருந்தா?”

“பால்வாடி.”

“அதானா! அ-ன்னா அம்மா, ஆ-ன்னா ஆடுன்னு செவுத்துல கீது. நான்கூட இன்னாடா, கூரியர் ஆபீஸுக்கு இப்டி பெயின்ட் அட்ச்சு வெச்சிருக்காங்கன்னு பாத்தேன்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மயிலை மடித்து என் படியில் வைத்துவிட்டு, கை தட்டித் தூசியை உதறிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தக் கீரையை நான் எப்படி ஆய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் கீரைக் கூட்டில் ஒரு புல் கிடந்தது. மருமகள் எடுத்துத் தட்டோரம் வைத்தாள். நல்ல பெண்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது. கல்யாண வீட்டில்கூடத் தூண் ஓரமாகப் பார்த்துத்தான் உட்காருவேன். வெளியில் பேசாததையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நீங்களும் பொறுமையாகப் படிக்கிறீர்கள். இந்த வாரம் மயிலைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கி உள்ளே வந்தால் எங்கள் தெரு. முன்பாதியில் கேட் வைத்த வீடுகள். பின்பாதியில் லைன் வீடுகள் — ஒரு ரூம், ஒரு அடுப்பு மேடை, பொதுக் குழாய். இரண்டுக்கும் நடுவே, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, அந்த ஒற்றை அறை. போர்டில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருக்கும். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். எங்கள் வாயில் அது என்றைக்கும் பால்வாடிதான்.

தெரு முனையில் ஒரு ப்ளே ஸ்கூலும் உண்டு. சுவரெல்லாம் வானவில், வாசலில் வேன், உள்ளே ஏசி. கேட் வைத்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே. லைன் வீட்டுப் பிள்ளைகள் இங்கே. ஒரே வயசு, ஒரே மூக்குச்சளி. அங்கே சொல்லும் பாட்டில் மழையைப் போகச் சொல்வார்கள். இங்கே மழை போகவே போகாது. கூரைத் தளத்திலிருந்து சுவர் வழியாக இறங்கி, ஆ-ன்னா ஆட்டின் வாலை நனைத்து, தரையில் குளம் கட்டும். அங்கே சமைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணி ஆயா வாளி வைப்பார். பிள்ளைகளை இந்த மூலைக்கு ஓட்டுவார். அந்த மூலையில் சமையல். இந்த மூலையில் தூக்கம். நடுவில் வாளி.

ஓனரைச் சொல்லிக் குற்றமில்லை. பால்வாடிக்கு வருகிற வாடகை எந்தக் காலத்திலோ நிர்ணயித்தது. அக்கம்பக்கத்து வாடகையெல்லாம் ஏறி எங்கேயோ போய்விட்டது. “ரிப்பேர் பண்ணினா அந்தக் காச எங்கிருந்து எடுக்கறதுப்பா?” என்று அவர் என் மகனிடம் கேட்பார்.

ஆனாலும் அந்த அறைக்குள் ஒன்று நடந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

கடைசி லைன் வீட்டில் தேவிகா. கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எந்த ஷிஃப்ட் என்று அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். தேவிகா சிட்லபாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். ஒரே கட்டடம், பல வீடு. முதல் வீட்டு அம்மா ஆபீஸ் கிளம்புவதற்குள் போய்ப் பாத்திரம் துலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும்.

மகள் யாழினி. மூன்று வயசு. வெடவெடவென்று கை கால். கண் மட்டும் பெரிசு.

பால்வாடி திறக்கிற நேரம் வேறு. தேவிகா கிளம்புகிற நேரம் வேறு. நடுவில் இருக்கிற நேரத்துக்கு அரசாங்கத்தில் ஆள் கிடையாது. ராணி ஆயாதான் ஆள். அவர் வீடு இதே தெருவில். காலையில் பால்வாடி வாசலைப் பெருக்கும்போதே தேவிகா யாழினியைக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

“ஆயா, புட்ச்சுக்கோ!”

“ஏண்டீ, புள்ளயா பார்சலா? மூஞ்சி கழுவுனியா அதுக்கு?”

“கழுவுனேன் ஆயா. நீ இன்னொரு தபா கழுவு, இன்னும் அழகாய்டும்.”

சொல்லிக்கொண்டே ஓடிவிடுவாள். இது தினமும் என் வாசலில் நடக்கும். யாழினி அழ மாட்டாள். ஆயா பெருக்கும் துடைப்பத்தின் பின்னாலேயே நடப்பாள். பிறகு சத்துமாவு, பாட்டு, மதியம் கலவை சாதம், முட்டை, தூக்கம். தேவிகா திரும்பி வரும்போது பிள்ளை வயிறு நிறைந்து, தலை வாரி, புதிதாக ஒரு பாட்டோடு நிற்கும். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: “பெரிம்மா, இந்த ஒரு ரூம் இல்லன்னா நான் அவ்ளோதான்.”

அப்போது அது பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

ஜெயந்தி டீச்சர் அங்கே டீச்சர். அவர் மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதி, சொந்தக் கட்டடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவின் பின்பக்கம் அரசாங்க இடம் கொஞ்சம் சும்மா கிடந்தது. அங்கே கட்டலாம் என்று. ஒரு நாள் பதில் வந்தது. பெரிய ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இப்போதைக்கு ஒரு கட்டடத்துக்குத்தான் பணம். கேட்பதோ இரண்டு இடம். ஒன்று நாங்கள். இன்னொன்று தாம்பரம் – வேளச்சேரி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தகர ஷெட் குடியிருப்பு. இரண்டையும் பார்த்து, எங்கே தேவை அதிகமோ அங்கே கட்டுவார்கள். மற்றது அதோடு சேர்ந்துவிடும்.

நியாயம்தானே? கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

டீச்சர் அம்மாக்களைக் கூட்டினார். என் வீட்டு ஜன்னலுக்கு எல்லாமே கேட்கும்.

“நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் வரணும். ஒருத்தர்கூட லீவு போடக் கூடாது. குளிப்பாட்டி, சுத்தமா அனுப்புங்க. சரியா?”

அவ்வளவுதான் சொன்னார். அதிலிருந்து ஆரம்பித்தது.

ஐயா, அம்மா, நம் வழக்கம் என்ன? பெரிய மனுஷர் ஒருத்தர் வீட்டுக்கு வருகிறார் என்றால் என்ன செய்வோம்? பெண் பார்க்க வரும்போது கிழிந்த பாயையா எடுத்து விரிப்போம்? பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போடுவோம். இருக்கிற நல்ல டம்ளரை எடுத்துத் துடைப்போம். இல்லாதது தெரியக் கூடாது. அது பொய் இல்லை... மரியாதை.

அன்று சாயங்காலமே லைன் வீடுகள் பரபரத்தன. ஒருத்தி பினாயில் கொண்டுவந்து அறையைக் கழுவினாள். ஒருத்தி வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிவந்தாள் — பால்வாடி ஃபேன் ஓடி வெகு காலம். டென்ட் ஹவுஸில் வேலை செய்யும் ஒருத்தியின் தம்பி பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து இறக்கினான். வாசலில் தாமரைக் கோலம். ஷாமியானா ஒன்றுதான் பாக்கி.

எல்லாம் முடிந்து நின்று பார்த்தால்... சுவரில் அந்த ஈரம். பச்சையும் கறுப்புமாக, கூரையிலிருந்து ஆட்டுக்குட்டி வரைக்கும்.

“ஐயே, இன்னாடி இது அசிங்கமா!” என்றாள் ஒருத்தி.

தேவிகா தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது தோளில் மயில். கல்யாணத்துக்கு வந்த சீர். அவள் வீட்டிலேயே அழகான பொருள் அதுதான். ஆணி அடித்து, ஈரத்துக்கு மேலே அதை மாட்டினார்கள்.

“எப்டி கீது?”

“சூப்பரா கீது! மேரேஜ் ஹால் கணக்கா!”

ராணி ஆயா மட்டும் தலையைச் சாய்த்துச் சொன்னார்: “அடியே, கட்டடம் வோணும்னுதானே கூப்புட்டோம்? ஒழுவறத மறைச்சிட்டா எத்தப் பாத்துக் குடுப்பாரு?”

“நீ ஒண்ணு ஆயா! வர்றவரு நம்மளப் பத்தி இன்னா நெனப்பாரு? இப்டி வெச்சிருக்காங்களே புள்ளைங்களன்னு டீச்சரத்தான் திட்டுவாரு!”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆயா வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் ஒளித்துவைத்தார்.

தேவிகா இன்னொன்றும் தயாராக வைத்திருந்தாள். அது ஏன் என்று புரிய, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, உதவி செய்கிறோம் என்று சிலர் லைன் வீடுகளுக்கு வந்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். கையில் போன். யாழினியைப் பார்த்து, “நைட்டு என்ன சாப்பிட்டே பாப்பா?” என்று கேட்டார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும்? இருந்ததைச் சொன்னாள். “டீயும் பன்னும்.” அந்த வீடியோ சுற்றிச் சுற்றி, தேவிகா வேலை செய்யும் ஃப்ளாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டு அம்மா, கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் கேட்டாராம்: “ஏன் தேவிகா, குழந்தைக்கு நைட்டு ஒரு தோசைகூட ஊத்தித் தர முடியாதா உனக்கு?”

அன்று தேவிகா என் படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். “பெரிம்மா, அன்னிக்கு ஒரு நாள்தான் பெரிம்மா. மாவு பொங்கி வீணாப் போச்சு. அத்தப் போய் ஊருக்கே காட்டிட்டாங்களே!” எனக்குத் தெரிந்து அது ஒரு நாள் மட்டும் இல்லை. ஆனால் ஒரு தாய் ஒரு நாள் என்று சொன்னால் அது ஒரு நாள்தான்.

அன்றிலிருந்து அவள் பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். யார் கேட்டாலும் ஒரே பதில்.

“யாராச்சும் சாப்ட்டியான்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“ரெண்டு இட்லி, சட்னி, ஒரு முட்டை!”

“வயிறு?”

“ஃபுல்லு!” என்று வயிற்றைத் தட்டிக் காட்டும் பிள்ளை. தெருவில் எல்லோரும் சிரிப்போம். நானும்தான். வேண்டுமென்றே கேட்போம். கேட்டுக் கேட்டுச் சிரிப்போம்.

ஆபீசர் வந்த நாள் காலையில் என் வாசல் திருவிழாவாக இருந்தது. பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! போன பொங்கலுக்கு எடுத்தது, பிறந்த நாளுக்கு எடுத்தது, அத்தை வீட்டில் வாங்கிக் கொடுத்தது என்று இருக்கிற நல்ல சட்டையெல்லாம் வெளியே வந்துவிட்டது. முகத்தில் பவுடர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. யாழினிக்கு ரோஸ் கலரில் அடுக்கடுக்காக ஒரு கவுன். ஃப்ளாட்டில் யாரோ தங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டதென்று கொடுத்தது. கவரிங் வளையல், கொலுசு. நின்றால் பொம்மைதான்.

ஆபீசர் நல்ல மனிதர். நாற்பது வயசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெயந்தி டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ரோஸ் மில்க் வந்துவிட்டது. பிள்ளைகள் பாட்டு பாடினார்கள். ஃபேன் சுழன்றது. மயிலின் ஜரிகை பளபளத்தது.

“பரவாயில்லையே டீச்சர், ரொம்ப நீட்டா மெயின்டெய்ன் பண்றீங்க!”

டீச்சர் முகத்தில் ஒரு சின்னக் கலவரம். “சார், மழை வந்தா இங்க...” என்று மயில் பக்கம் கை காட்டினார். வாசலில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தார்கள். சொல்லாதீங்க டீச்சர் என்று கண்ணாலேயே கெஞ்சுகிற பார்வை. டீச்சருக்கு வார்த்தை பாதியில் நின்றது. “...கொஞ்சம் சிரமம் சார்” என்று முடித்தார்.

“மழை வந்தா சென்னையில எல்லாருக்கும் சிரமம்தான் டீச்சர்” என்று அவர் சிரித்தார்.

பிறகு யாழினி முன்னால் குனிந்தார். “பாப்பா, காலைல என்ன சாப்பிட்டீங்க?”

நான் என் வாசலில் நின்றேன். இங்கிருந்தே தேவிகாவின் முதுகு விறைப்பது தெரிந்தது.

“ரெண்டு இட்லி, சட்னி, ஒரு முட்டை!”

“வயிறு ரொம்பிச்சா?”

“ஃபுல்லு!”

தட்டிக் காட்டியதும் ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாக்கள் சிரித்தார்கள். தேவிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படிச் சிரித்து நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். ஜீப் தெரு முனை திரும்பும் வரை பிள்ளைகள் டாட்டா காட்டின.

“பெரிம்மா, பாத்தீங்களா? நம்ம புள்ளைங்களப் பாத்து அசந்துட்டாரு!”

அதே ஜீப் மெயின் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அங்கே அவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லையாம். தகர ஷெட், தார்ப்பாய்த் தடுப்பு, வெறும் தரையில் பிள்ளைகள். மூக்கு ஒழுகிக்கொண்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு. ஒரு பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாராம். அது விழித்துக்கொண்டு நின்றதாம். யாரும் சொல்லிக்கொடுக்காத பிள்ளை.

நீங்கள் ஆபீசராக இருந்தால் எங்கே கட்டியிருப்பீர்கள்?

நானாக இருந்தாலும் அங்கேதான்.

அதனால் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை. ஒரு நாளைக்குக் கத்திவிட்டுத் தூங்கலாம். இது வேறு மாதிரி. பல்லிடுக்கில் நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய் நிற்கிறது.

கட்டடம் அங்கே எழுந்தது. எங்கள் பால்வாடி அதோடு சேர்ந்தது. ஓனர் நிம்மதியாக அறையைக் கூரியருக்குக் கொடுத்தார். சாமான்களை ஏற்றுகிற நாளில் ஜெயந்தி டீச்சர் என் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். “நான் சுத்தமா வாங்கன்னுதான்மா சொன்னேன்” என்றார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “சுத்தமா வாங்கன்னு சொல்றது தப்பாம்மா?” இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

தேவிகாவிடம் ராணி ஆயா மயிலைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னதற்கு, “அது அங்கியே கெடக்கட்டும் ஆயா. அத்தப் பாத்தாலே பேஜாரா கீது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இடம் மாறினால் என்ன, நடந்து போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் மருமகளும் அதைத்தான் கேட்டாள். அந்த ரோட்டைக் காலையில் வந்து பார்க்க வேண்டும். தண்ணி லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, காலேஜ் வண்டி. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பையுமாகக் கடக்கிறவர்களுக்கு எந்த சிக்னலும் பச்சை காட்டாது. கடந்து போனாலும் அந்நேரத்துக்கு அங்கே கதவு திறந்திருக்காது. ராணி ஆயாவைப் புதுக் கட்டடத்துக்கே மாற்றிவிட்டார்கள். அவரும் ரோட்டைக் கடந்து போய்த்தான் திறக்க வேண்டும். விடிந்ததும் துடைப்பத்தோடு நிற்க அவர் வீடு அங்கே இல்லை. இரண்டு மூன்று பிள்ளைகளை அவர்கள் அப்பாக்கள் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். மற்றதெல்லாம் கலைந்துவிட்டது. ஒன்று ஊருக்குப் போயிற்று. ஒன்று, அக்கா பின்னாலேயே பெரிய ஸ்கூல் வாசல் வரை போய் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள்.

புதுக் கட்டடத்தையும் போய்ப் பார்த்தேன். மகன் வண்டியில் கூட்டிப்போனான். டைல்ஸ் தரை. ஒழுகாத கூரை. அந்தப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து முட்டை சாப்பிட்டார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷம். ராணி ஆயா என்னைப் பார்த்ததும், “நம்ம யாழினி எப்டிம்மா கீறா?” என்று கேட்டார். அப்போதுதான் சந்தோஷம் பாதியாயிற்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெருவிளக்கு போடும்போது, எந்த வீட்டில் அதிக இருட்டு என்று பார்த்தா போடுகிறார்கள்? தெரு என்றால் விளக்கு. அவ்வளவுதானே? பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பால்வாடி என்று ஏன் இருக்கக் கூடாது? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். பெரிய கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு ஏழைகளை நிறுத்தி, யார் அதிகம் ஏழை என்று பார்க்க வந்தால்... எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அழுக்குச் சட்டை மாட்டி முன்னால் தள்ளுவாள்? பிள்ளைக்கு ஒரு முட்டை கிடைக்க, அம்மா முதலில் தலை குனிய வேண்டும் என்றால், சிலர் தலை குனிய மாட்டார்கள். அது திமிர் இல்லை. அவர்களிடம் மிச்சம் இருப்பதே அது ஒன்றுதான்.

அந்த மயிலை இப்போது நான் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்கப் பூஞ்சைக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. முன்பக்கம் புதுசு போல இருக்கிறது.

தேவிகா இப்போதெல்லாம் தெருவில் கண்ணிலேயே படுவதில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் புதன்கிழமை சிட்லபாக்கம் போனேன். சம்பந்தி அம்மா அதே ஃப்ளாட்டில்தான் இருக்கிறார். அவரையும் பார்த்தாற்போல இருக்கும். மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. லிஃப்ட்டுக்குப் போகிற வழியில், கார் பார்க்கிங்கில், ஒரு வெள்ளைக் காருக்கும் தூணுக்கும் நடுவே வாட்ச்மேனின் ஸ்டூலில் யாழினி உட்கார்ந்திருந்தாள்.

அதே ரோஸ் கவுன். இப்போது அது தினப்படி உடுப்பாகிவிட்டது; ஒரு அடுக்கு தொங்கியது. மடியில் அம்மாவின் போன். அதில் சார்ஜ் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“அம்மா எங்கடா கண்ணு?”

மேலே கை காட்டினாள். எந்த மாடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வாட்ச்மேன் வந்தார். “காலையில இருந்து இங்கதாம்மா உக்காந்திருக்கு. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரக் கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. சமத்து. அழாது, கேக்காது. தேவிகா மூணு மணிக்குத்தான் இறங்கும்.”

நான் குனிந்தேன். உதடு காய்ந்திருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் மத்தியானத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் வேறு என்ன கேட்க வருகிறது நம் வாயில்?

“சாப்ட்டியாடா?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனை மடியில் சரியாக வைத்தாள்.

“ரெண்டு இட்லி, சட்னி, ஒரு முட்டை!”

“வயிறு?” என்று நான் கேட்கவில்லை. அவளாகவே வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

ஒன்று சொல்ல வேண்டும் — அந்தப் பால்வாடியில் இருந்த பிள்ளைகள், சொல்லிக்கொடுத்ததை லேசில் மறப்பதில்லை.